மொனுமென்ட் வெலி: அழகு இருக்கு, புதிர் எங்கே?

மொனுமென்ட் வெலி பற்றிப் பேச்செடுத்தா எங்கள் பெச்சில் இரண்டு கட்சி. கைப்பேசியில வந்த உருப்படியான கலைப்படைப்பு இதுதான் என்பது ஒன்று. இரண்டு மணித்தியாலத்தில முடியுற சாமானுக்குக் காசா என்பது மற்றது. நாங்கள் இரண்டிலும் முழுசாச் சேரமாட்டோம்.

விளையாடாதவர்களுக்காக: லண்டன் நிறுவனமான அஸ்டூ 2014இல் வெளியிட்ட கேம் இது. ஐடா என்றொரு சின்ன இளவரசி, பத்து அத்தியாயங்கள். தொட்ட இடத்துக்கு அவள் நடப்பாள். கைபிடியைத் திருப்பினால் கட்டடம் சுழலும். எட்டாத தூரத்தில் இருந்த இரண்டு பாதைகள் பார்வைக்கு ஒட்டிக்கொள்ளும். ஒட்டின மாதிரித் தெரிந்தால் போதும், அவள் கடந்துவிடுவாள். எஷர் 1961இல் வரைந்த 'நீர்வீழ்ச்சி'யில் தண்ணீர் கீழே ஓடி ஓடியே மேலே வந்து சேருமே, அந்த வித்தை. நமக்கும் இது புதுசில்லை. தாராசுரம் கோயிலில் ஒரே தலையை ஒரு பக்க உடலோடு பார்த்தால் காளை, மறுபக்க உடலோடு பார்த்தால் யானை. கண்டியச் சிற்பங்களிலும் அந்த உருவம் உண்டு.

எங்களுக்குப் பெரிதாகப் படுவது, இது விளையாடுபவரை மரியாதையா நடத்துகிறது. கேண்டி கிரஷில் ஐந்து உயிர். ஒன்று போனால் திரும்பி வர அரை மணித்தியாலம், அவசரமென்றால் காசு. அங்கே எங்கள் பொறுமையின்மைதான் வியாபாரம். இங்கே உயிரும் இல்லை, நேரக்கணக்கும் இல்லை, விளம்பரமும் இல்லை. ஒருமுறை இறக்கிவிட்டால் டேட்டாவும் தேவையில்லை. 2022இல் கரண்ட் போன இரவுகளில் அதன் அருமை தெரிந்தது. வசனமும் கொஞ்சம்தான், ஆங்கிலம் தடுக்காது.

ஆனால் புதிர்? பல இடங்களில் யோசிக்கத் தேவையே இல்லை. சுழலக்கூடியது ஒன்றோ இரண்டோதான் இருக்கும். சும்மா திருப்பிக்கொண்டே போனால் வழி தானாத் திறக்கும். தோற்கவே முடியாத புதிரைப் புதிர் என்று சொல்ல எங்களுக்கு மனசு வரல. அதே 2014இல் கப்ரியேலே சிருல்லி என்ற 19 வயசுப் பெடியன் ஒரு வார இறுதியில் எழுதிய 2048ஐப் பாருங்கள். அழகு என்று பெரிசா ஒன்றுமில்லை, காசும் இல்லை. இன்னும் எங்களைத் தோற்கடிக்குது. மொனுமென்ட் வெலியை முடித்த பிறகு திரும்பத் திறந்தவர்கள் எங்களில் குறைவு.

விலைக்கதை வேறு. அதே வருஷக் கடைசியில் எட்டு அத்தியாயங்களைத் தனிக்காசுக்கு விட்டார்கள். அதற்குக் காசா என்று வெளிநாட்டில் பலர் ஒற்றை நட்சத்திரம் போட்டுத் திட்டினார்கள். எங்களுக்கு அது கொஞ்சம் சிரிப்பு. வெளியான நேரம் கேமின் விலை 3.99 டொலர், அன்றைய கணக்கில் ஐந்நூற்றுச் சொச்சம் ரூபா. டொலர் முந்நூறாகிவிட்ட இந்தக் காலத்தில் அதே விலை ஆயிரத்து இருநூறு. சோற்றுப் பார்சல் கணக்கில் யோசிக்கும் ஹொஸ்டல்காரருக்கு அது சின்னத் தொகை இல்லை. தொகை இருந்தாலும் கடனட்டை யாரிடம் இருக்கு? அதனால் பெச் முழுக்கச் சுற்றுவது திருட்டு ஏபிகேதான். அதில் விளையாடிவிட்டு 'சின்ன கேம், காசுக்குப் பெறுமதியில்ல' என்று விமர்சனம் எழுதுபவர்களைத்தான் எங்களால் தாங்க முடியல. எந்தக் காசு, மச்சான்?

வாங்க முடிந்தவர்கள் வாங்குங்கள், இரண்டு மணித்தியாலம்தான் என்று தெரிந்தே வாங்குங்கள். யாரிடமாவது டெப் இருந்தா அதில் விளையாடுங்க. நகைப்பெட்டி மாதிரி பக்கத்துக்குப் பக்கம் திறக்கும் எட்டாவது அத்தியாயம் சின்னத் திரையில் பாதிதான் தெரியும். சத்தத்தை நிறுத்திடாதீங்க. கைபிடியைத் திருப்பும்போது வரும் அந்த ஒலிக்காகவே சிலதைத் தேவையில்லாமலும் திருப்பியிருக்கிறோம்.