தம்பதிகளைக் கூப்பிட்டுக் கேட்டார்கள்

1965-ம் வருஷம் ரோமாபுரியில் ஒரு கமிஷன் கூடியது. கர்ப்பத்தடை விஷயத்தில் கத்தோலிக்கத் திருச்சபை என்ன சொல்லலாம் என்று போப்பாண்டவருக்கு யோசனை கூறுவதற்காக ஏற்பட்ட கமிஷன். பாதிரிமார்களும் வைத்தியர்களும் பொருளாதார நிபுணர்களும் உட்கார்ந்திருந்த அந்தச் சபையில் மூன்று தம்பதிகளுக்கும் இடம் கொடுத்திருந்தார்கள். அவர்களில் ஒரு ஜோடி, அமெரிக்காவில் சிகாகோ நகரத்திலிருந்து வந்த பாட்ரிக் கிரௌலியும் அவர் மனைவி பாட்ரிஷியாவும்.

வந்து இறங்கியதும் கணவரைப் பாதிரிமார் தங்கும் கல்லூரி ஒன்றில் இருக்கச் சொன்னார்கள். மனைவியைச் சற்றுத் தூரத்திலிருந்த ஒரு கன்னியாஸ்திரீ மடத்துக்கு அனுப்பி வைத்தார்கள். தாம்பத்தியத்தைப் பற்றிப் பேச வந்த தம்பதி! ராத்திரி இவர் இங்கே, அவர் அங்கே. இதை நான் ஒரு கதையில் எழுதியிருந்தால், "ஸார், கிண்டல் கொஞ்சம் தூக்கலாக இருக்கிறது" என்று பத்திரிகாசிரியர் திருப்பி அனுப்பியிருப்பார்.

இந்தச் சம்பவத்தைக் கேட்டவுடன், "கல்யாணம் ஆகாத கிழவர்களுக்குக் குடும்பத்தைப் பற்றி என்ன தெரியும்?" என்று கைகொட்டிச் சிரிப்பவர்கள் இருக்கிறார்கள். அந்தக் கட்சியில் நான் சேர மாட்டேன். பெண்ணாகப் பிறக்காமலே பெண்களைப் பற்றி முந்நூறு பக்கம் எழுதிப் பிழைக்கிறவன் நான். அநுபவம் இல்லாதவன் வாயைத் திறக்கக் கூடாது என்று சட்டம் வந்தால் முதலில் என் பேனாவைத்தான் பிடுங்குவார்கள். அநுபவம் இல்லாதவனும் பேசலாம். ஆனால் அவனுக்கு ஒரு கடன் உண்டு. அநுபவித்தவர்களைக் கேட்க வேண்டும். கேட்டதைக் கணக்கில் வைக்க வேண்டும்.

ரோமாபுரி கேட்டது. அதுதான் விசேஷம். கேட்காமலே தீர்ப்புச் சொல்லியிருந்தால் நான் இந்தக் கட்டுரையை எழுதியிருக்கவே மாட்டேன்.

கதையைக் கொஞ்சம் பின்னாலிருந்து சொல்ல வேண்டும். 1930-ம் வருஷம் ஆகஸ்டு மாதத்தில் ஆங்கிலிக்கன் பிஷப்புகள் லாம்பெத்தில் கூடி, தக்க காரணம் இருந்தால் தம்பதிகள் கர்ப்பத்தடை செய்து கொள்ளலாம் என்று தீர்மானித்தார்கள். அந்த வருஷம் முடிவதற்குள், டிசம்பர் 31-ந் தேதி, பதினோராம் பத்திநாதர் ஒரு நிருபம் வெளியிட்டு, 'கூடாது. மகா பாபம்' என்றார். 1951-ல் பன்னிரண்டாம் பத்திநாதர் இத்தாலிய மருத்துவச்சிகளிடம் பேசும்போது ஒரு சலுகை கொடுத்தார்: தக்க காரணம் இருந்தால், கருத்தரிக்க முடியாத நாட்களைக் கணக்குப் பார்த்து அந்த நாட்களில் மட்டும் கூடி வாழலாம். நாள்காட்டியும் வெப்பமானியும் அநுமதி, மற்றவை இல்லை.

பாஸ்டன் நகரத்தில் ஜான் ராக் என்று ஒரு வைத்தியர் இருந்தார். ஒழுங்காகப் பூசைக்குப் போகிற கத்தோலிக்கர். அவர் அறைச் சுவரில் சிலுவை தொங்கும். பிள்ளையில்லாதவர்களுக்காகத் தலைமுறைக் காலம் பாடுபட்டவர். மிரியம் மென்கின் என்ற அம்மாளோடு சேர்ந்து 1944-லேயே மனிதக் கருமுட்டையைக் கண்ணாடிக் கலத்தில் கருவுறச் செய்து காட்டியவர். பிற்பாடு பிங்கஸ், சாங் என்ற விஞ்ஞானிகளின் ஆராய்ச்சியில் பிறந்த மாத்திரையைப் பெண்களுக்குக் கொடுத்துப் பரீட்சை செய்தவரும் அவரே. கர்ப்ப காலத்தில் பெண்ணின் உடம்பே ஒரு ரசத்தைச் சுரந்து, அடுத்த முட்டை வெளிவராமல் நிறுத்தி வைக்கிறது. மாத்திரை செய்வதும் ஏறக்குறைய அதேதான். 'இயற்கை தருகிற பத்திரமான நாட்களைத்தானே நான் நீட்டியிருக்கிறேன், திருச்சபை இதை ஏன் ஏற்கக் கூடாது?' என்று 1963-ல் ஒரு புத்தகமே எழுதினார். மனுஷர் நிஜமாகவே நம்பினார்.

நம்பக் காரணமும் இருந்தது. அதே 1963-ல்தான் இருபத்து மூன்றாம் அருளப்பர் அந்தக் கமிஷனை அமைத்தார். சில வாரங்களில் அவர் காலமாகிவிட, அடுத்து வந்த ஆறாம் சின்னப்பர் அதைப் பெரிதாக்கினார். தம்பதிகள் வந்து சேர்ந்தது அப்போதுதான்.

கிரௌலி தம்பதி வெறுங்கையோடு வரவில்லை. கத்தோலிக்கக் குடும்பங்களின் இயக்கம் ஒன்றை நடத்தி வந்தவர்கள் அவர்கள். பல தேசங்களிலுள்ள குடும்பங்களுக்கு எழுதி, 'நாள் பார்க்கிற முறை உங்கள் வாழ்க்கையில் என்ன செய்திருக்கிறது?' என்று கேட்டு, பதில்களை மூட்டையாகக் கொண்டுவந்து போட்டார்கள். எழுதியவர்கள் நாஸ்திகர்கள் அல்ல. ஞாயிறு தவறாமல் கோயிலுக்குப் போகிறவர்கள். ஐந்தும் ஆறும் பெற்றவர்கள். திருச்சபை சொன்னபடியே வருஷக்கணக்கில் நடந்து பார்த்தவர்கள். விடியற்காலையில் வெப்பமானியை வாயில் வைத்துக்கொண்டு பட்டியல் போட்டவர்கள். மாதாந்தரம் தேதி தள்ளிப்போனால் வீட்டிலே விழுகிற கிலியை எழுதினார்கள். புருஷன் அன்போடு தோளில் கை வைத்தால்கூட 'இன்று என்ன தேதி?' என்று மனசு கணக்குப் போடுகிறதே என்று எழுதினார்கள். திருச்சபையை எதிர்த்தல்ல, திருச்சபைக்கு எழுதினார்கள். தகப்பனாருக்கு மகள் எழுதுகிற மாதிரி.

கமிஷனில் இருந்தவர்கள் கல்நெஞ்சர்கள் அல்ல. பழைய போதனையே சரி என்ற எண்ணத்தோடு வந்த பாதிரிமார் சிலர், படித்துப் பார்த்து, கேட்டுப் பார்த்து, மனசு மாறினார்கள். வேத சாஸ்திரிகளில் பதினைந்து பேர் ஒரு பக்கம், நாலு பேர் மறுபக்கம். கடைசியில், 1966-ல், கர்தினால்களும் பிஷப்புகளும் உட்கார்ந்து, 'கர்ப்பத்தடை தன்னளவிலேயே தீமையா?' என்ற கேள்விக்கு வாக்களித்தார்கள். ஒன்பது பேர் இல்லை என்றார்கள். மூன்று பேர் ஆம் என்றார்கள். மூன்று பேர் எந்தப் பக்கமும் வாக்களிக்கவில்லை.

இந்த விவாதத்தில் நடந்ததாகச் சொல்லப்படும் ஒரு சம்பாஷணைதான் எனக்கு எல்லாவற்றையும் விளக்குகிறது. சால்பா என்ற ஸ்பானியப் பாதிரியார், இந்தப் போதனையை இப்போது மாற்றினால், இதை மீறியதற்காக இதுவரை நாம் நரகத்துக்கு அனுப்பிய லக்ஷக்கணக்கான ஆத்மாக்களின் கதி என்ன என்று கேட்டாராம். பாட்ரிஷியா அம்மாள் அமைதியாக, நீங்கள் போட்ட உத்தரவையெல்லாம் கடவுள் நிறைவேற்றிவிட்டார் என்று நிஜமாகவே நம்புகிறீர்களா என்று திருப்பிக் கேட்டாராம்.

சிறுபான்மையோரின் குறிப்பும் இதே விஷயத்தைத்தான் சுற்றிச் சுற்றி வந்தது. மாற்றினால், 1930-ல் பரிசுத்த ஆவி நம்மோடு இல்லை, லாம்பெத்தில் கூடிய அந்தப் புராட்டஸ்டண்டுகளோடு இருந்தது என்றல்லவா ஆகிவிடும்? கவனியுங்கள். பெண்ணின் உடம்பு, குழந்தை, தாம்பத்தியம், விஞ்ஞானம் என்று மூன்று வருஷம் பேசிவிட்டு, கடைசியில் வந்து நின்ற இடம் இது: நாம் தவறு செய்தோம் என்று எப்படிச் சொல்லுவது? நம் ஊர்ப் பெரிய வீடுகளில் நடப்பதுதான். தாத்தா ஒரு காலத்தில் சொன்ன வார்த்தைக்காகப் பேத்தியின் கல்யாணம் நிற்கும். பிடித்த முயலுக்கு மூன்றே கால். முயலைக் கொண்டுவந்து எதிரே நிறுத்தி, எண்ணிப் பாருங்கள் என்றாலும் மூன்றே கால்.

1968-ம் வருஷம் ஜூலை 25-ந் தேதியிட்ட நிருபம் வெளிவந்தது. கமிஷனுக்கு நன்றி சொல்லியது. அவர்களுக்குள் முழு ஒற்றுமை இல்லை என்றது. அவர்களில் சிலருடைய வழிகள் திருச்சபையின் நிலையான போதனையிலிருந்து விலகியவை என்றது. போதனை சரியா என்று பார்க்கச் சொல்லி ஒரு கமிஷன் வைத்துவிட்டு, போதனையிலிருந்து விலகுகிறது என்பதற்காக அதன் முடிவைத் தள்ளுவது எந்த ஊர் நியாயம்?

தர்க்கத்தையும் சொல்லிவிட வேண்டும். சொல்லாமல் தாக்குவது முறையல்ல. தம்பதிகளின் கூட்டுறவில் இரண்டு அர்த்தங்கள் உண்டு: ஒன்று அன்பின் இணைப்பு, மற்றொன்று சந்ததி. கடவுள் சேர்த்து வைத்த இந்த இரண்டையும் மனிதன் பிரிக்கக் கூடாது. நாள் பார்ப்பது பிரிப்பது ஆகாது, மாத்திரை பிரிக்கிறது. கதவைச் சாத்துவது வேறு, அந்த வீட்டுக்குப் போகாமலிருப்பது வேறு. இது அற்பமான வாதம் அல்ல. ஆனால் நான் கதை எழுதுகிறவன். பாத்திரங்களின் மனசைப் பார்த்துப் பழகியவன். வெப்பமானியோடு உட்கார்ந்திருப்பவளுக்கும் மாத்திரையோடு உட்கார்ந்திருப்பவளுக்கும் மனசில் இருப்பது ஒன்றே: இப்போது வேண்டாம், சுவாமி. ஒருத்தி புண்ணியவதி, மற்றவள் பாபி என்று அந்த இருவரையும் அருகருகே நிறுத்தி என்னால் எழுத முடியாது.

நிருபம் வந்த மறுநாளே வாஷிங்டனில் சார்ல்ஸ் கர்ரன் என்ற பாதிரியார் முதலான வேத சாஸ்திரிகள் ஆட்சேபித்து அறிக்கை விட்டார்கள். கர்ரன் இனிக் கத்தோலிக்க வேத சாஸ்திரம் போதிக்கத் தகுதியற்றவர் என்று 1986-ல் ரோமாபுரி தீர்ப்புச் சொன்னது. டாக்டர் ராக் சண்டை போடவில்லை. பூசைக்குப் போவதை நிறுத்திவிட்டார். எனக்கு அதுதான் அதிகமாக வலிக்கிறது.

நிருபத்தில் போட்ட தேதிக்குச் சரியாகப் பத்து வருஷம் கழித்து, 1978-ம் வருஷம் ஜூலை 25-ந் தேதி இரவு, இங்கிலாந்தில் ஓல்ட்ஹாம் ஆஸ்பத்திரியில் லூயிஸ் பிரௌன் பிறந்தாள். கருக்குழாய் அடைபட்டு, ஒன்பது வருஷம் குழந்தைக்கு ஏங்கிய லெஸ்லி என்ற பெண்மணி பெற்றவள்; எட்வர்ட்ஸ், ஸ்டெப்டோ, ஜீன் பர்டி மூவரும் வருஷக்கணக்கில் முயன்று கண்ணாடிக் கலத்தில் கருவாக்கியவள். வெனிஸ் நகரத்துக் கர்தினால் லூச்சியானியிடம் பத்திரிகைக்காரர்கள் போய் அபிப்பிராயம் கேட்டார்கள். அவர் அந்த முறையை ஆதரிக்கவில்லை. பிள்ளை உற்பத்திச் சாலைகள் வந்துவிடுமோ என்று பயப்பட்டார். ஆனாலும் குழந்தைக்கு வாழ்த்துச் சொன்னார். பெற்றோர்களைக் கண்டிக்க எனக்கு உரிமை இல்லை, நல்லெண்ணத்தோடு செய்திருந்தால் கடவுள் முன்னிலையில் அவர்களுக்குப் புண்ணியம்கூட இருக்கலாம் என்றார். சில வாரங்களில் அவரே போப்பாண்டவரானார். முப்பத்து மூன்று நாட்கள் இருந்தார்.

1987-ல் ரோமாபுரியிலிருந்து வந்த விதி வேறு மாதிரி பேசியது. புருஷனுடைய விந்து, மனைவியினுடைய முட்டை, ஒரு கருவும் அழியவில்லை என்றே வைத்துக்கொண்டாலும் கூடாது. இங்கே சந்ததி இணைப்பிலிருந்து பிரிகிறது. பிறந்த குழந்தையை அன்போடு ஏற்க வேண்டும் என்று சொன்னது நல்ல மனசு. ஆனால் பாருங்கள். வேண்டாம் என்றவளுக்கும் அந்த வாக்கியமே, வேண்டும் என்று அழுதவளுக்கும் அந்த வாக்கியமே. லெஸ்லி மாதிரியான பெண்களிடம் 1978-க்கும் 1987-க்கும் இடையில் யாராவது மூட்டை மூட்டையாகக் கடிதம் வாங்கினார்களா? 1965-ல் வாங்கிப் பார்த்தே பயனில்லை என்று அநுபவம் சொல்லியிருக்கும்.

திருச்சபை பயந்ததெல்லாம் வீண் பயம் என்று சொல்ல மாட்டேன். சர்க்கார்கள் இந்தச் சாதனங்களைக் கையில் எடுத்துக்கொண்டு ஜனங்களைப் பலவந்தம் செய்யக்கூடும் என்று 1968 நிருபம் எச்சரித்தது. எட்டு வருஷம் கழித்து நம் தேசத்திலே, நெருக்கடி நிலைக் காலத்தில், 1976-77 என்ற ஒரே ஆண்டில் எண்பது லக்ஷத்துக்கு மேல் கருத்தடை ஆபரேஷன்கள் நடந்தன. எத்தனை ஏழைகளை ரேஷன் கார்டைக் காட்டியும் சம்பளத்தைக் காட்டியும் மிரட்டினார்கள் என்பது நமக்குத் தெரியும். அந்த ஒரு பாராவுக்கு நான் கையெடுத்துக் கும்பிடுகிறேன். வாடகைத் தாய் வியாபாரம் இங்கே கொழித்து, 2021-ல் சட்டம் போட்டுத் தடுக்க வேண்டி வந்ததையும் மறக்கவில்லை. கருவை உறைய வைத்து மறந்துவிடுகிறார்களே, அது என்ன வஸ்து, யாருடையது என்று அவர்கள் கேட்பது நியாயமான கேள்விதான். என் ஆத்திரமே அதனால்தான். வியாபாரியையும் பிள்ளைக்கு ஏங்குகிற தம்பதியையும் ஒரே கூண்டில் ஏற்றிவிட்டால், வியாபாரியைப் பற்றிச் சொல்லுகிற நல்ல வார்த்தைகூட யார் காதில் ஏறும்?

போதனை மாறவே மாறாது என்கிறார்கள். வட்டி வாங்குவது பாபம் என்று திருச்சபை நூற்றாண்டுக்கணக்கில் போதித்தது. 1745-ல்கூட ஒரு போப்பாண்டவர் நிருபம் எழுதினார். 1942-ல் வத்திக்கானுக்குள்ளேயே அதன் வங்கி ஏற்பட்டது. வானம் இடிந்து விழவில்லை. கலிலேயோ விஷயத்தில் தவறு நடந்தது என்று 1992-ல் சொன்னார்கள். அதனால் யாருடைய பக்தியும் குறைந்ததாகத் தெரியவில்லை. போப்பாண்டவருக்கு வீட்டு வாசலிலேயே இருக்கிற இத்தாலியில் இன்று ஒரு பெண்ணுக்குச் சராசரி ஒன்றேகால் குழந்தைகூட இல்லை. அத்தனை பேரும் வெப்பமானியை வைத்துக்கொண்டா இதைச் சாதித்தார்கள்? எல்லோருக்கும் தெரியும், யாரும் பேசுவதில்லை. ஆறாம் சின்னப்பரை 2018-ல் புனிதர் வரிசையில் சேர்த்தாகிவிட்டது. இனி அவர் எழுதியதைத் திருத்துவது இன்னும் கஷ்டம்.

பாட்ரிக் கிரௌலி 1974-ல் காலமானார். பாட்ரிஷியா அம்மாள் 2005 வரை இருந்தார். திருச்சபையை விட்டுப் போகவில்லை. சிகாகோவில் வீடில்லாத பெண்களுக்காக உழைத்தார். சிறையிலிருந்த பெண்களைப் போய்ப் பார்த்தார். தம்பதிகள் எழுதிய அந்தக் கடிதங்கள் நோட்ர டேம் என்ற கத்தோலிக்கச் சர்வகலாசாலையின் ஆவண அறையில் பெட்டிகளில் இருக்கின்றன. சரித்திரம் எழுதுகிறவர்கள் அவ்வப்போது போய்ப் பிரித்துப் படிக்கிறார்கள்.