தீவை விட்டுப் போகாதவர்

கால்பந்தாட்ட விரும்பிகள் கூடிப் பேசும் இடத்தில் சற்று நேரம் நின்று செவிமடுத்தால் ஒன்று புலப்படும். இன்று ஆடுகிறவர்களைப் பற்றிய பேச்சு பெரும்பாலும் குறையாகவே இருக்கும். என்றோ ஆடி ஓய்ந்த ஒருவரைப் பற்றிய பேச்சு வந்துவிட்டால் குரலிலே கனிவு ஏறிவிடும். அந்தக் கோல், அந்த உதை, அன்று பெய்த மழை, பக்கத்தில் நின்றிருந்த தந்தையார் என்று நினைவு கிளைத்துக்கொண்டே போகும். எல்லா ஊர்களிலும், எல்லாக் கழகங்களிலும் நடப்பதுதான் இது. ஆயினும் ஒரு பெருந்தீவின் மக்கள் ஓர் ஆட்டக்காரரைத் தம் வீட்டுப் பிள்ளையாகவே எண்ணி, அவர் ஆட்டத்தை நிறுத்தி ஏறத்தாழ அரை நூற்றாண்டு கடந்த பின்னும் போற்றியது அரிதினும் அரிது. அத்தீவு இத்தாலிக்குரிய சார்டீனியா; கழகம் அதன் தலைநகரான கால்யாரியைச் சேர்ந்தது; ஆட்டக்காரர் ஜீஜி ரீவா. 2024 ஜனவரி 22 அன்று தமது 79ஆம் அகவையில் அவர் காலமானார்.

அவர் சார்டீனியாவில் பிறந்தவர் அல்லர் என்பதை முதலிலேயே சொல்லிவிடவேண்டும். வட இத்தாலியில், மஜ்ஜோரே ஏரிக்கரையிலுள்ள லெஜ்ஜூனோ என்னும் சிற்றூரில் 1944 நவம்பர் 7 அன்று பிறந்தார். ஒன்பது வயதிருக்கும்போது தந்தையார் தொழிற்சாலை விபத்தில் மாண்டார். தாயார் வேலைக்குச் செல்ல நேர்ந்ததால் சிறுவன் விடுதிப் பள்ளியில் சேர்க்கப்பட்டான். பின்னர்த் தாயாரும் மறைந்தார். ஒரு சகோதரியும் இளமையிலேயே இறந்தார். எஞ்சியிருந்த மூத்த சகோதரி ஃபவுஸ்தாவே அவருக்குத் தாயாக நின்று வளர்த்தார்.

அவ்விடுதி திருச்சபை சார்ந்தது. அங்குக் கழித்த நாள்களை ரீவா பின்னாளில் கசப்புடனேயே நினைவுகூர்ந்தார். ஏழைப் பிள்ளைகள் தாங்கள் பெற்ற உதவிக்காக ஓயாமல் நன்றி கூறவேண்டியிருந்தது அவர் மனத்தைப் புண்படுத்தியது. கத்தோலிக்கக் குடும்பங்களுக்கான இவ்வேட்டில் இதனை மறைத்துவிட்டு மேலே செல்வது முறையன்று என்று கருதுகிறோம். உணவு கொடுத்த கை அன்பையும் கொடுத்ததா என்பதைப் பிள்ளைகள் மறப்பதில்லை. அந்தச் சிறுவன் பின்னர் எந்த மக்களிடையே வேரூன்றினான், ஏன் வேரூன்றினான் என்பதை உணர்வதற்கும் இச்செய்தி வேண்டும்.

லெஞானோ என்னும் சிறு கழகத்தில் ஓர் ஆண்டு ஆடிய அவரைக் கால்யாரி கழகம் 1963இல் விலைக்கு வாங்கிற்று. அப்போது அவருக்கு வயது பதினெட்டு. செல்ல அவருக்கு விருப்பமில்லை. அக்காலத்து வட இத்தாலியர் கண்ணில் சார்டீனியா என்பது தண்டனை பெற்ற அலுவலரையும் படைவீரரையும் அனுப்பிவைக்கும் இடம். ஆடு மேய்ப்போரும், மலைகளில் பதுங்கி ஆட்கடத்தலில் ஈடுபட்ட கொள்ளையருமே அங்கு வாழ்வதாகச் செய்தித்தாள்களைப் படித்தவர்கள் எண்ணிக்கொண்டனர். ஓர் ஆண்டு ஆடிவிட்டுத் திரும்பிவிடலாம் என்ற நினைப்புடனேயே ரீவா அங்குப் போய்ச் சேர்ந்தார். கழகமும் அன்று இரண்டாம் பிரிவில்தான் இருந்தது.

அடுத்த ஆண்டே, 1964இல், கால்யாரி முதன்முறையாகத் தலைமைப் பிரிவான சீரி ஏ-வுக்கு உயர்ந்தது. ரீவா திரும்பிச் செல்லவில்லை.

அவர் ஆட்டத்தைப் பற்றிச் சில சொற்கள். அவர் முற்றிலும் இடக்காலர். வலக்கால் அவருக்கு நிற்பதற்கு மட்டுமே பயன்பட்டது என்று வேடிக்கையாகச் சொல்வார்கள். அந்த இடக்காலின் உதை எத்தகைய வலிமை உடையது என்பதற்கு, பயிற்சியின்போது அவர் அடித்த பந்து பட்டு வேடிக்கை பார்த்துக்கொண்டிருந்த ஒரு சிறுவனின் கை முறிந்த செய்தியை இத்தாலியில் இன்றும் எடுத்துக் கூறுவர். இதழாசிரியர் ஜானி ப்ரேரா அவருக்கு 'இடிமுழக்கம்' என்று பட்டப்பெயர் சூட்டினார், அதுவே நிலைத்துவிட்டது. வலிமை மட்டுமே இருந்திருந்தால் இத்தனை பேச்சு எழுந்திராது. 1970 ஜனவரியில் விச்சென்சா அணிக்கு எதிராக, கோலுக்கு முதுகு காட்டியபடி காற்றில் எழும்பித் தலைக்கு மேலாக அவர் உதைத்த பந்து வலைக்குள் புகுந்த காட்சியைப் படத்தில் பார்ப்போரும் வியப்படைவர். தலையால் அடிப்பதிலும் வல்லவர். தாழ்ந்து வரும் பந்துக்குக் காலை நீட்டாமல், பாய்ந்து விழுந்து தலையைக் கொடுக்கும் துணிவு அவருக்கு இருந்தது.

இத்தாலி நாட்டு அணிக்காக 42 ஆட்டங்களில் 35 கோல்கள் அடித்தார். அந்த எண்ணிக்கையை இன்றுவரை எவரும் எட்டவில்லை. 1968 ஜூன் 10 அன்று ரோமில் யூகோஸ்லாவியாவை வென்று இத்தாலி ஐரோப்பியக் கிண்ணம் பெற்றபோது முதற்கோலை அடித்தவரும் அவரே.

ஆயினும் சார்டீனிய மக்கள் நினைவில் முதலிடம் பெறுவது 1969-70ஆம் ஆண்டுப் போட்டித் தொடர். மிலான், தூரின் போன்ற செல்வம் கொழிக்கும் நகரங்களின் கழகங்களே மாறி மாறி வென்றுவந்த பட்டத்தை இந்தத் தீவுக் கழகம் பெறும் என்று யார் நினைத்திருப்பார்? பயிற்றுநர் மன்லியோ ஸ்கொபீஞோ. 'தத்துவஞானி' என்று அவரை அழைத்தனர். அவரைப் பற்றி வழங்கும் கதை ஒன்று சுவையானது. ஆட்டத்திற்கு முந்திய இரவு வீரர்கள் உறங்காமல் ஓர் அறையில் கூடிப் புகைபிடித்துச் சீட்டாடிக் கொண்டிருந்தார்களாம். கதவைத் திறந்து உள்ளே வந்த பயிற்றுநர் சினந்து கொள்ளவில்லை. தாமும் ஒரு சிகரெட்டை எடுத்து, புகைத்தால் உங்களுக்குத் தொந்தரவாக இருக்குமா என்று கேட்டாராம். சிறிது நேரத்தில் அறை காலியாகிவிட்டது என்பர். (இளைஞர்களுக்கு இப்பழக்கத்தை நாம் பரிந்துரைக்கவில்லை என்பதைச் சொல்லவும் வேண்டுமோ!)

அத்தொடரின் திருப்புமுனை 1970 மார்ச் 15 அன்று தூரின் நகரில் நிகழ்ந்தது. புனித தொன் போஸ்கோவின் பணித்தளமாக நம் வாசகர்கள் நன்கறிந்த நகர் அது. எதிரணி யுவென்டஸ். கால்யாரியின் தற்காப்பாளர் நிக்கோலாய் தம் கோலுக்குள்ளேயே பந்தைச் செலுத்திவிட்டார். ரீவா அதைச் சமன் செய்தார். பின்னர் யுவென்டசுக்குக் கிடைத்த பெனால்டியைக் கோல்காவலர் அல்பெர்தோசி தடுத்தார். நடுவரோ மீண்டும் உதைக்கச் சொன்னார். இம்முறை பந்து உள்ளே போயிற்று. அல்பெர்தோசி கலங்கிப்போனார். ஆட்டம் முடியும் தறுவாயில் கால்யாரிக்கும் ஒரு பெனால்டி கிடைத்தது. ரீவா பந்தை வைத்தார்; அடித்தார்; 2-2. தோற்காமல் தீவுக்குத் திரும்பினர்.

ஏப்ரல் 12 ஞாயிறன்று, சொந்த ஊரின் சிறிய அம்சிகோரா அரங்கில் பாரி அணியை 2-0 என வென்றபோது பட்டம் உறுதியாயிற்று. இரண்டு ஆட்டங்கள் எஞ்சியிருந்தன. 30 ஆட்டங்களில் அவர்கள் விட்டுக்கொடுத்த கோல்கள் 11 மட்டுமே. அடித்தவை 42, அவற்றுள் 21 ரீவாவுடையவை. சரிபாதி! கால்யாரி பெற்ற ஒரே தேசியப் பட்டம் இன்றளவும் அதுதான். பன்னிரண்டு நாள்கள் கழித்துத் திருத்தந்தை ஆறாம் சின்னப்பர், பொனாரியா அன்னையின் அறுநூறாம் ஆண்டு விழாவுக்காக அந்நகருக்கு எழுந்தருளினார். நெடுங்காலம் எவரும் திரும்பிப் பாராத தீவுக்கு அந்த ஒரு மாதத்தில் எத்தனை பெருமை! அவ்வாண்டு மெக்சிக்கோவில் நடந்த உலகக் கிண்ணப் போட்டிக்குச் சென்ற இத்தாலிய அணியில் ஆறு பேர் கால்யாரி வீரர்கள்.

இனிச் சொல்லப்போவதே மக்கள் அவரை மறவாமைக்கு உண்மைக் காரணம் என்பது நம் எண்ணம். பெரிய கழகங்கள் ரீவாவைப் பெற ஆண்டுதோறும் முயன்றன. அவற்றுள் யுவென்டஸ் விடாப்பிடியாக நின்றது. 1973இல் பெருந்தொகையோடு வேறு சில ஆட்டக்காரர்களையும் மாற்றாகத் தர முன்வந்தது. கால்யாரி நிர்வாகமும் இசைந்துவிட்டது. ரீவா இசையவில்லை. போயிருந்தால் மும்மடங்கு பொருள் ஈட்டியிருக்கலாம் என்பதை அவரே பின்னாளில் ஒப்புக்கொண்டார். சார்டீனியாவே தம்மை மனிதனாக்கியது என்றும், பெருநிலத்தார் தங்களை ஆட்டிடையர் என்றும் கொள்ளையர் என்றும் ஏளனம் செய்த காலத்தில் அந்த மண்ணுக்காகவே பட்டம் வெல்ல விரும்பியதாகவும் அவர் கூறினார். ஏளனத்துக்கு ஆளானோரைக் குறிக்கும்போது 'அவர்கள்' என்று அவர் சொல்லவில்லை, 'நாங்கள்' என்றார்.

அந்தச் சொல் சார்டீனியர் செவியில் எவ்வாறு விழுந்திருக்கும் என்பதை எண்ணிப் பார்க்கவேண்டும். அவ்வாண்டுகளில் தீவின் இளைஞர்கள் கூட்டங்கூட்டமாகக் கப்பலேறிக் கொண்டிருந்தனர். பெல்ஜியத்தின் நிலக்கரிச் சுரங்கங்கள், ஜெர்மனியின் ஆலைகள், தூரின் நகரின் மோட்டார்த் தொழிற்சாலைகள் என்று பிழைப்பைத் தேடிப் போயினர். விரும்பிப் போனவர் சிலரே; வேறு வழியின்றிப் போனவரே பலர். பெற்றெடுத்த பிள்ளைகளை இருத்திக்கொள்ள இயலாத அந்த மண், எங்கோ பிறந்த தாய்தந்தையற்ற ஒருவரைப் பெற்றது. அவரோ, எல்லாரும் போகத் துடித்த இடத்திற்கு அழைக்கப்பட்டும் போகமாட்டேன் என்றார். யுவென்டஸ் கழகத்தின் உரிமையாளர்களான குடும்பத்தாரின் ஃபியட் ஆலையிலேயே வேலை செய்துவந்த சார்டீனியத் தொழிலாளிக்கு இம்மறுப்பு எத்தகைய நிமிர்வைத் தந்திருக்கும்! கோல்களைப் பிற ஊராரும் பாராட்டுவர். இந்த மறுப்பின் இனிமையை முழுதும் உணர்ந்தவர்கள் அத்தீவினர் மட்டுமே.

அதற்காகக் கழகம் மாறிச் செல்லும் ஆட்டக்காரர்களை நாம் பழிக்கத் துணியோம். பந்தாட்டமும் உழைப்பே, கால் முறிந்தால் அன்றே நின்றுபோகும் உழைப்பு. குடும்பத்தை எண்ணிக் கூடுதல் ஊதியம் தேடுவது குற்றமாகாது. கடல் கடந்து சென்ற அத்தொழிலாளரும் அதைத்தானே செய்தனர்? ரீவாவின் முடிவுக்கு உரிய விலையை ரீவாவே கொடுத்தார் என்பதையும் பார்க்கவேண்டும். 1967இல் போர்த்துகலுக்கு எதிராக ஆடியபோது இடக்கால் முறிந்தது. 1970 அக்டோபர் இறுதியில் வியன்னாவில் ஆஸ்திரியாவுக்கு எதிராக வலக்கால் முறிந்தது. இரு கால்களையும் நாட்டுக்குக் கொடுத்தவர் என்று இத்தாலியர் சொல்வது வெறும் அணிமொழி அன்று. பட்டம் வென்ற அணியும் மெல்லக் கலைந்தது. ரீவா வேறு எந்தத் தேசியப் பட்டத்தையும் பெறவில்லை. 1976 பிப்ரவரி 1 அன்று மிலானுக்கு எதிரான ஆட்டத்தில் வலத்தொடையின் தசைநார் அறுந்தது. அதன்பின் அவர் தலைமைப் பிரிவில் ஆடவேயில்லை. அப்போது வயது 31. அந்த ஆண்டே கால்யாரியும் இரண்டாம் பிரிவுக்கு இறங்கிற்று. சீரி ஏ-யில் அவர் அடித்த 156 கோல்களும் அந்த ஒரே கழகத்துக்காக அடித்தவை.

ஆட்டம் ஓய்ந்த பின்னரும் அவர் வடக்கே திரும்பவில்லை. கால்யாரியிலேயே சிறுவர்களுக்கான கால்பந்துப் பள்ளியை நிறுவினார். நாட்டு அணியின் நிர்வாகப் பொறுப்பில் 2013 வரை பணியாற்றினார். 2006இல் உலகக் கிண்ணம் வென்ற அணியுடனும் அவர் இருந்தார். இயல்பில் அதிகம் பேசாதவர். மனச்சோர்வு நோயால் தாம் வருந்திய காலத்தைப் பற்றி மட்டும் ஒளியாமல் பேசினார். நகர மக்களும் அவரது தனிமையை மதித்தனர். தெருவில் நடந்து செல்லும் அவரைத் தொல்லை செய்யாமல், ஒரு வணக்கத்தோடு விட்டுவிடுவார்களாம். விசிறிகளின் அன்பு எத்தனையோ வீரர்களுக்குச் சுமையாகிவிட்டதை அறிந்த நமக்கு, கால்யாரி மக்களின் இந்தப் பண்பு அவர்கள் எழுப்பிய ஆரவாரத்தைவிட உயர்ந்ததாகத் தோன்றுகிறது.

2005இல் கழகம் அவருடைய 11ஆம் எண் சட்டையை இனி எவருக்கும் தருவதில்லை என்று முடிவு செய்தது.

அவருடைய நல்லடக்கத் திருப்பலி 2024 ஜனவரி 24 அன்று பொனாரியா அன்னையின் பேராலயத்தில் நடைபெற்றது. கடலோடிகளின் காவலியான அந்த அன்னையின் பெயரைத்தான் ஸ்பானிய மாலுமிகள் கடல் கடந்து கொண்டுபோய்ப் புவனோஸ் ஐரிஸ் நகருக்கு இட்டனர். பேராலயம் கொள்ளாமல், கடலை நோக்கிய அகன்ற படிகளிலும் அவற்றின் கீழுள்ள சதுக்கத்திலும் பல்லாயிரவர் நின்றனர். ரீவா கடைசியாகச் சீரி ஏ-யில் ஆடி 48 ஆண்டுகள் ஆகியிருந்தன. அங்கு நின்றவர்களுள் ஐம்பது வயதுக்கு உட்பட்ட எவரும் அவர் ஆடியதை நேரில் கண்டிருக்க இயலாது. தந்தையரும் பாட்டன்மாரும் சொல்லக் கேட்டே அவர்கள் அவரை அறிந்திருந்தனர்.