தங்கத்துக்கு முத்திரை இருக்கிறது... வைத்தியருக்கு?

மதுரை தெற்காவணி மூல வீதியில் அரைப் பவுன் மோதிரம் வாங்க வருபவரைக் கொஞ்சம் கவனித்துப் பாருங்கள். கடைக்காரர் மூன்று தலைமுறைப் பழக்கமாக இருந்தாலும், ஹால்மார்க் இருக்கிறதா என்று மோதிரத்தைத் திருப்பித் திருப்பிப் பார்ப்பார். 2023 ஏப்ரல் முதல் ஹால்மார்க் நகையில் எழுத்தும் எண்ணும் கலந்த ஆறு இலக்கக் குறியீடு கட்டாயம். அதைச் செல்போனில் தட்டினால் நகையின் ஜாதகமே வந்துவிடும்.

அதே மனிதர் மறுநாள் சர்க்கரை நோயாளியான தன் அம்மாவை மேலூர் ரோட்டிலோ உசிலம்பட்டி ரோட்டிலோ ஒரு 'இயற்கை மருத்துவ'ரிடம் கூட்டிப் போகிறார் என்று வைத்துக்கொள்வோம். போர்டில் 'டாக்டர்' என்று இருக்கிறது. அது போதும் அவருக்கு. பதிவு எண் என்ன, எங்கே படித்தார் என்று ஒரு கேள்வி கிடையாது. நான்கு கிராம் தங்கத்துக்குக் காட்டிய அக்கறை அம்மாவுக்கு இல்லையா? அக்கறை இருக்கிறது. தங்கத்துக்குச் சட்டம் பழக்கிவிட்டது, இதற்குப் பழக்கவில்லை. அவ்வளவுதான்.

முதலில் யார் இயற்கை மருத்துவர் என்று பார்ப்போம். பி.என்.ஒய்.எஸ். என்று ஒரு பட்டப்படிப்பு இருக்கிறது. நாலரை வருடப் படிப்பு, ஒரு வருடப் பயிற்சி. சென்னை அரும்பாக்கத்தில் அரசுக் கல்லூரியே 2000 முதல் நடக்கிறது. பட்டம் தருவது எம்.ஜி.ஆர். மருத்துவப் பல்கலைக்கழகம். உடற்கூறியல், நோய்க்கூறியல் எல்லாம் படித்துத்தான் வெளியே வருகிறார்கள். மதுரை அரசு ராஜாஜி மருத்துவமனையிலும் யோகா, இயற்கை மருத்துவப் பிரிவு உண்டு. இன்னொரு பக்கம் வாரக்கடைசி வகுப்பு, தபாலில் வரும் சர்ட்டிபிகேட், பத்து யூட்யூப் வீடியோ. இரண்டு தரப்பும் மாட்டும் போர்டில் இருப்பது ஒரே வார்த்தை. இங்கேதான் சிக்கல்.

சட்டம் என்ன சொல்கிறது? 2020இல் மத்திய அரசு இந்திய மருத்துவ முறைகளுக்கு ஒரு தேசிய ஆணையம் அமைக்கச் சட்டம் கொண்டுவந்தது. ஆயுர்வேதம், சித்தா, யுனானி, சோவா ரிக்பா அதற்குள் வந்தன. ஹோமியோபதிக்குத் தனி ஆணையம். ஆக, திருமங்கலம் அரசு ஹோமியோபதிக் கல்லூரியில் படிப்பவருக்கு டெல்லியில் கேட்க ஓர் ஆணையம் உண்டு. இயற்கை மருத்துவம் அந்தச் சட்டங்களுக்கு வெளியே நின்றுவிட்டது. தமிழ்நாட்டில் பட்டம் பெற்றவர்கள் இந்திய மருத்துவ வாரியத்தில் பதிவு செய்கிறார்கள். கர்நாடகமோ 1961லேயே தன் சட்டத்தின் பெயரிலேயே இயற்கை மருத்துவத்தைச் சேர்த்துவிட்டது. மருத்துவத் தொழில் பொதுப்பட்டியலில் இருப்பதால் மாநிலங்களும் சட்டம் போடலாம். டெல்லியைக் காட்டிக் கைகட்டி நிற்கத் தேவையில்லை.

"மண்ணுக்கும் தண்ணிக்கும் பட்டினிக்கும் எதற்குய்யா லைசென்ஸ்? காந்தி எந்த போர்டில் பதிவு செய்தார்?" என்று கேட்பவர்கள் உண்டு. மதுரையில் இந்தக் கேள்விக்குக் கைதட்டலும் கிடைக்கும். 1921இல் காந்தி அரையாடைக்கு மாறிய ஊர் இது. அவர் 1946இல் உருளிகாஞ்சனில் இயற்கைச் சிகிச்சை நிலையம் தொடங்கியதும் உண்மைதான். ஆனால் காந்தி டாக்டர் என்று போர்டு மாட்டவில்லை, பேக்கேஜ் போட்டுக் காசு வாங்கவும் இல்லை. பாட்டி வைக்கும் மிளகு ரசத்துக்கு யாரும் லைசென்ஸ் கேட்கப் போவதில்லை. ஃபீஸ் வாங்கிக்கொண்டு, பெயருக்கு முன்னால் டாக்டர் என்று போட்டுக்கொண்டு, "இன்சுலினை நிறுத்துங்கள்" என்று ஒருவர் சொல்லும்போதுதான் கேள்வி வருகிறது.

ஏனென்றால் மண் ஆபத்தில்லை, நிறுத்தச் சொல்வதுதான் ஆபத்து. முதல் வகை சர்க்கரை நோயாளி இன்சுலினை நிறுத்தினால் சில நாட்களிலேயே உயிருக்கு ஆபத்து. சிறுநீரகம் பழுதானவர் பழச்சாறாகவே குடித்தால் ரத்தத்தில் பொட்டாசியம் ஏறி இதயமே நிற்கலாம். 2018இல் திருப்பூரில் வீடியோக்களை நம்பி வீட்டிலேயே பிரசவம் பார்த்ததில் ஒரு பெண் இறந்துபோனார். 'இயற்கை' என்ற சொல்லுக்கு இருக்கும் மரியாதை எவ்வளவு பெரிய விலை கேட்கும் என்பதற்கு அது போதும்.

இன்னொரு எதிர்ப்பு கொஞ்சம் கனமானது. நிரூபிக்கப்படாத சிகிச்சைக்கெல்லாம் லைசென்ஸ் கொடுத்தால் அரசே முத்திரை குத்தியதாக ஆகாதா? நியாயமான பயம். ஆனால் கல்லூரியும் ஆஸ்பத்திரிப் பிரிவும் நடத்தி அரசு ஏற்கெனவே முத்திரை குத்தியாகிவிட்டது. குத்திய பிறகு பொறுப்பை மட்டும் தட்டிக்கழிக்க முடியுமா? ஆடிட்டர் கையெழுத்துப் போட்டால் கம்பெனி லாபத்தில் ஓடும் என்று அர்த்தமில்லை. தப்பாகப் போட்டால் அவர் தொழிலே போகும் என்றுதான் அர்த்தம். லைசென்ஸும் அப்படித்தான். சிகிச்சை பலிக்கும் என்ற உத்தரவாதம் அல்ல, பலிக்காதபோது யாரைக் கேட்பது என்பதற்கான விலாசம்.

செய்ய வேண்டியது பெரிதாக ஒன்றுமில்லை. பதிவு செய்தவர்களின் பட்டியல் யாரும் செல்போனில் தேடிப் பார்க்கும்படி இருக்க வேண்டும். போர்டிலும் ரசீதிலும் பதிவு எண் கட்டாயம். பதிவில்லாதவர் 'டாக்டர்' போடக்கூடாது. மற்ற மருத்துவர் எழுதிய மருந்தை அவரைக் கேட்காமல் நிறுத்தச் சொன்னால் பதிவு போகும் என்று எழுதிவைக்க வேண்டும். பட்டம் இல்லாமல் பல வருடமாக நேர்மையாகச் செய்து வருபவர்கள்? ஒரு தேர்வு வைத்து, யோகா, உணவு, நீர்ச்சிகிச்சை என்று எல்லை வகுத்துக் கொடுக்கலாம். இதில் அதிகம் லாபம் அடையப்போவது யார் தெரியுமா? ஐந்தரை வருடம் உட்கார்ந்து படித்த அந்த இயற்கை மருத்துவர்கள்தான். போலி நகை விற்பவனால் முதலில் நஷ்டப்படுவது பக்கத்துக் கடைக்காரன்தானே!

சட்டம் வரும்போது வரட்டும். அதுவரை, மோதிரத்தைத் திருப்பிப் பார்க்கும் அதே கண்ணால் அந்த போர்டையும் ஒருமுறை பார்த்துவிட்டு, "உங்க பதிவு எண் என்னங்க டாக்டர்?" என்று கேளுங்கள். படித்தவர் கோபப்பட மாட்டார்.