நாய்க்கு எதுக்கு மொட்டை?

சித்திரை பிறந்து வெயில் ஏற ஆரம்பித்தால் போதும்... எங்கள் தெருவில் மொட்டை நாய்கள் நடமாடத் தொடங்கிவிடும். நேற்றுவரை பஞ்சு மூட்டை மாதிரி உருண்டுகொண்டிருந்த எதிர்வீட்டு நாய், இன்றைக்கு உரித்த கோழி மாதிரி வாசலில் நிற்கும். "பாவம், மதுரை வெயில் தாங்கலை. அதான் மிஷின் போட்டு வழிச்சுட்டோம்" என்பார் அந்த வீட்டு அக்கா. நாய் மேல் அவ்வளவு அக்கறை!

அந்த அக்கறைதான் தப்பு என்கிறேன் நான்.

அவரைக் குறை சொல்ல எனக்கு யோக்கியதை இருக்கிறதா என்றால், இல்லை. மூன்று வருஷத்துக்கு முன்னால் இதே காரியத்தை நானே செய்தேன். எங்கள் ஜிம்மி, வெள்ளைவெளேர் என்று புசுபுசு முடியோடு இருக்கும். பொமரேனியன் என்று சொல்லித்தான் வாங்கினோம். (நம் ஊரில் பொமரேனியன் என்று விற்கப்படுவதில் பல 'இண்டியன் ஸ்பிட்ஸ்' என்பது பிறகுதான் தெரிந்தது. அது கிடக்கட்டும்.) மே மாசம். தொட்டுப் பார்த்தால் உடம்பு கொதிக்கிற மாதிரி இருந்தது. நாய்களுக்கு முடி வெட்டும் ஒரு கடைக்குத் தூக்கிக்கொண்டு போனேன். "அடியோட எடுத்துடுங்க தம்பி" என்று சொன்னதும் நான்தான். அந்தத் தம்பி மறுபேச்சு பேசவில்லை. அரை மணி நேரத்தில் எலிக்குட்டி மாதிரி ஒன்றைக் கையில் கொடுத்தார்.

இரண்டு வாரத்தில் முதுகுத் தோல் சிவந்து உரிய ஆரம்பித்தது. வழக்கம்போல மொட்டை மாடியில் போய்ப் படுத்துக்கொள்கிறது, பாவம், தன்மேல் முடி இல்லை என்று அதற்கு எப்படித் தெரியும்? கழுத்திலும் காலிலும் முடி முளைத்தது. முதுகில் மட்டும் ஒரு வருஷத்துக்கு மேல் திட்டுத் திட்டாகச் சொட்டைதான். கால்நடை மருத்துவரிடம் காட்டினேன். அவர் ஒரே வாக்கியம்தான் சொன்னார். "வெயில் அடிக்குதுன்னு குடையைப் பிடுங்கி எறிஞ்சுட்டீங்களேம்மா!"

அவர் விளக்கியபோதுதான் விஷயம் புரிந்தது. ஸ்பிட்ஸ், ஜெர்மன் ஷெப்பர்ட், கோல்டன் ரெட்ரீவர், ஹஸ்கி இவற்றுக்கெல்லாம் இரண்டு அடுக்கு முடி. மேலே நீளமான, கொஞ்சம் முரட்டு முடி. அடியில் பஞ்சு மாதிரி மெத்தென்ற முடி. மேல் முடி வெயிலையும் மழையையும் தோல்வரை விடாமல் தடுக்கிறது. அடி முடி காலத்துக்கு ஏற்றாற்போல் கொட்டி முளைக்கிறது. கோடை வந்தால் இயற்கையே அதைக் கழற்றிவிடப் பார்க்கும். கழன்ற முடி வெளியே வராமல் உள்ளேயே சிக்கி அடைத்துக்கொள்ளும்போதுதான் நாய்க்குப் புழுக்கம். ஆக, தேவை மிஷின் இல்லை... சீப்பு!

லாப்ரடாரைப் பார்த்து ஏமாந்துவிடாதீர்கள். முடி குட்டையாகத்தான் தெரியும். ஆனால் அதற்கும் இரண்டு அடுக்கு. விரலால் பிரித்துப் பாருங்கள், தெரியும்.

இன்னொன்றும் கேளுங்கள். நமக்கு வியர்க்கிறது, காற்றுப் பட்டால் குளிர்கிறது. நாய்க்கு உடம்பெங்கும் அப்படி வியர்ப்பதில்லை. பாதத்தில் மட்டும் கொஞ்சம் வியர்க்கும். நாக்கைத் தொங்கப் போட்டு மூச்சிரைத்துத்தான் பெரும்பாலும் அது சூட்டை வெளியேற்றுகிறது. அதனால் முடியை எடுத்துவிட்டால் நமக்கு 'ஜில்'லென்று இருப்பது போல அதற்கும் இருக்கும் என்பது நம் கற்பனை. தொட்டால் சுடுகிறதே என்கிறீர்களா? நாயின் சாதாரண உடல் சூடே 101 முதல் 102.5 டிகிரி பாரன்ஹீட். நல்ல ஆரோக்கியமான நாயும் நம் கைக்குச் சுடத்தான் செய்யும். நான் ஏமாந்தது அங்கேதான்.

"நாங்க வருஷா வருஷம் மொட்டை போடறோம், நல்லாத்தானே முளைக்குது" என்று சிலர் வாதாடுவார்கள். உண்மைதான், பல நாய்களுக்கு முளைக்கும். ஆனால் எந்த நாய்க்கு முளைக்கும், எதற்குச் சொட்டை விழும் என்று முன்கூட்டியே சொல்ல முடியாதே? ஆபரேஷன், புண், தோல் வியாதி என்று டாக்டர் வழிக்கச் சொன்னால் அது வேறு. அழகுக்கும் அனுமானத்துக்கும் எதற்கு இந்தச் சூதாட்டம்?

சரி, முடியே வெட்டக் கூடாது என்று நான் சொல்வதாக நினைத்துக்கொண்டு, வீட்டில் ஷிட்சு வைத்திருப்பவர்கள் கத்தரிக்கோலைத் தூக்கிப் பரணில் போட்டுவிட வேண்டாம்! ஷிட்சு, லாசா ஆப்சோ, பூடில் இவற்றின் கதை நேர் எதிர். இவற்றின் முடி நம் தலைமுடி மாதிரி வளர்ந்துகொண்டே போகும். ஆறு வாரம், எட்டு வாரத்துக்கு ஒருமுறை வெட்டியே ஆக வேண்டும். தோலை ஒட்டி வழிக்காமல், அளவாகக் குறைத்தால் போதும். தினமும் வாரவும் வேண்டும். வாராமல் விட்டால்... சடை விழும்.

சடைதானே என்று சாதாரணமாக நினைக்காதீர்கள். காதுக்குப் பின்னால், கால் இடுக்கில், கழுத்துப் பட்டைக்கு அடியில் முடி உருண்டு திரண்டு கம்பளித் துண்டு மாதிரி ஆகிவிடும். ஒவ்வொரு அடி எடுத்து வைக்கும்போதும் தோலைச் சுண்டி இழுக்கும். யாராவது உங்கள் தலைமுடியை நாள் முழுக்க இழுத்துக்கொண்டே இருந்தால் எப்படி இருக்கும்? அடியில் ஈரம் தங்கி, தோல் வெந்து, புண்ணாகி, ஈ மொய்த்துப் புழுவே வைத்துவிடும். மேலே பார்த்தால் அழகான பொம்மை மாதிரிதான் இருக்கும். "திடீர்னு கடிக்குது டாக்டர்" என்று கொண்டு வருகிற நாய்களில், சடைக்கு அடியில் புண் இருந்து, வலி தாங்காமல் கடித்தவையும் உண்டு.

இங்கே ஒரு யோசனை. வாரிவிட்டுத்தான் குளிப்பாட்ட வேண்டும். நம் வீடுகளில் தலைகீழாகச் செய்கிறோம். சிக்கு இருக்கும்போதே தண்ணீர் பட்டால் அது இறுகி முடிச்சாகிவிடும். சடையைக் கத்தரிக்கோலால் நறுக்கவும் நறுக்காதீர்கள். சடையோடு தோலும் சேர்ந்து மேலே வரும், சதக்! விரலால் கொஞ்சம் கொஞ்சமாகப் பிரித்து, நுனியிலிருந்து வாருங்கள். ரொம்ப இறுகிப்போயிருந்தால் பழக்கப்பட்டவரிடம் விடுவதே நல்லது.

நம்ம ஊர் ராஜபாளையம், சிப்பிப்பாறை, கோம்பை, தெருவில் எடுத்து வளர்க்கும் நாட்டு நாய்... இவற்றுக்கு வேலையே இல்லை. வாரம் ஒருமுறை ரப்பர் பிரஷ்ஷோ முரட்டுத் துண்டோ கொண்டு தேய்த்துவிட்டால் மினுமினு என்று இருக்கும். ராஜபாளையத்துக்கு மட்டும் ஒரு எச்சரிக்கை. வெள்ளை முடி, ரோஸ் தோல். உச்சி வெயிலில் கட்டிப் போடாதீர்கள்.

எந்த நாயாக இருந்தாலும் நீங்கள் போடும் ஷாம்பூவைப் போடாதீர்கள். நம் தோலில் இருக்கும் அமிலத்தன்மை வேறு, நாயின் தோலில் இருப்பது வேறு; அதன் தோல் நம்முடையதைவிட மெல்லிசும்கூட. உண்ணிக்கு மண்ணெண்ணெய் தடவும் பாட்டி வைத்தியத்தையும் விட்டுவிடுங்கள். தோலும் வெந்துபோகும், நக்கினால் வயிற்றுக்குள்ளும் போகும். சொல்லப்போனால் உண்ணியைக் கண்டுபிடிக்க வாரும் நேரம்தான் சரியான நேரம். உண்ணியால் நாய்க்கு வரும் காய்ச்சல் உயிரையே கொண்டுபோகக்கூடியது. சோறு தின்னாமல் சுருண்டு படுத்து, ஈறு வெளுத்திருந்தால் நாள் பார்க்காமல் டாக்டரிடம் ஓடுங்கள்.

என் கோபமெல்லாம் விற்கிறவர்கள் மீதும் வெட்டுகிறவர்கள் மீதும்தான். குட்டியை விற்கும்போது தடுப்பூசி அட்டை தருகிறார்கள், என்ன தீனி என்று சொல்கிறார்கள். "இதுக்கு தினமும் பத்து நிமிஷம் வாரணும், உங்களால முடியுமா?" என்று எத்தனை பேர் கேட்கிறார்கள்? முடியாது என்றால் குட்டை முடி நாயாகப் பார்த்து வாங்கிக்கொள்வோமே! மிஷினைக் கையில் எடுப்பவரும் "இந்த முடியை வழிக்கக் கூடாதும்மா" என்று ஒரு வார்த்தை சொல்ல வேண்டாமா? காசு கொடுத்தால் எதையும் வழிப்பதா தொழில்?

இப்போது ஜிம்மிக்குத் தினமும் சாயந்தரம் பத்து நிமிஷம் வாரல். கோடையில் கை நிறையப் பஞ்சு வரும். "நாய்க்கு ஜடை பின்னி பூ வெச்சுடு" என்று என் வீட்டுக்காரர் கிண்டல் செய்வார். பகலில் ஃபேனுக்கு அடியில் ஈரத் தரை, எந்நேரமும் குண்டானில் தண்ணீர், வாக்கிங் என்றால் காலை ஏழுக்குள். நாக்கை நீட்டி அளவுக்கு மீறி இரைத்து, எச்சில் ஒழுகி, தள்ளாடினால் மட்டும் சாதாரணத் தண்ணீரை உடம்பெல்லாம் ஊற்றிக்கொண்டே ஆஸ்பத்திரிக்குப் போக வேண்டும். இதுவரை அந்த நிலை வரவில்லை.

போன வாரம் எதிர்வீட்டு அக்கா, "மிஷின்காரர் நம்பர் இருக்கா?" என்று கேட்டு வந்தார். ஜிம்மியின் சீப்பைக் கையில் கொடுத்து அனுப்பினேன். மறுநாள் ஒரு பிளாஸ்டிக் பை நிறைய முடியோடு வந்து நிற்கிறார்! "இவ்வளவும் உள்ளயா இருந்துச்சு?"