பிஸியோதெரபி படிக்கட்டும்

ஹற்றனில் நம்மவர் ஒருவருக்குக் கவலை. உயர்தரத்தில் உயிரியல் செய்த மகளுக்குப் பேராதனைப் பல்கலைக்கழகத்தில் பிஸியோதெரபி கிடைத்திருக்கிறது. "நாலு வருஷம் படித்துக் கைகால் பிடித்துவிடவா ஹாஜியார்?" என்கிறார்.

முரளிதரனின் பாட்டனார் தேயிலைத் தோட்டத்துக்கு வந்தவர். தகப்பனார் கண்டியில் பிஸ்கட் வியாபாரி. 2004இல் மெல்பேர்னில் முரளியின் தோளில் சத்திரசிகிச்சை நடந்தது. வெட்டித் தைப்பது ஒருநாள் வேலை. அந்தத் தோள் மறுபடி பந்து வீசப் பல மாதப் பயிற்சி வேண்டியிருந்தது. அதைச் செய்விப்பதுதான் இந்தப் படிப்பு. 1996இல் உலகக் கிண்ணம் வென்ற நமது அணியின் பிஸியோ அலெக்ஸ் கவுண்டூரிஸ் அவுஸ்திரேலியர்.

விளையாட்டு வீரர், நடனக்காரர் மட்டுமா? கொழுந்துக் கூடை சுமக்கும் பெண்கள் தோள்வலிக்கு நம் கடையில்தான் தைலம் வாங்குகிறார்கள். நானும் விற்கிறேன், மறுமாதமும் அவர்களே வருகிறார்கள்.

கடைக்கு ஆள் பிடிக்கலாம். பல்கலைக்கழக இடத்தை விட்டால் பிடிக்க முடியாது. மகளை அனுப்புங்கள், தம்பி.