எல்லாம் பாய்மரக் கப்பல்தானா?

அண்மையில் ஒரு மொழிபெயர்ப்புக் கலந்துரையாடலில், மூலத்தில் 'பிரிக்' என்றிருப்பதைத் தமிழில் 'பாய்மரக் கப்பல்' என்று பொதுப்பட எழுதியது ஏன் என்று கேட்டோம். "வாசகனுக்குக் கப்பல் என்றால் கப்பல்தானே ஐயா" என்றார் மொழிபெயர்ப்பாளர். அரங்கு சிரித்தது. நமக்குச் சிரிப்பு வரவில்லை.

பிரிக் என்பது இரண்டு பாய்மரங்களிலும் சதுரப்பாய் விரிக்கும் கலம். பருமல் எனப்படும் குறுக்குமரங்களில் பாய்கள் தொங்கும். பின்மரத்தில் மட்டும் நீளவாக்கில் ஒரு பாய் கூடுதலாக இருக்கும். பிரிகன்டைனிலோ முன்மரம் மட்டுமே முழுக்கச் சதுரப்பாய் தாங்கும். 1872இல் ஆளின்றி மிதக்கக் கண்ட 'மேரி செலஸ்ட்' இவ்வகை. 'பிரிகன்டைன்' சுருங்கித்தான் 'பிரிக்' ஆயிற்று என்பது உண்மை; பெயரின் உறவைக் கொண்டு கலங்களை ஒன்றாக்கிவிட முடியாது.

பிரிட்டிஷ் கடற்படை செரோக்கி வகைப் பிரிக்குகளை நூற்றுக்கும் மேலாகக் கட்டியது. 'சவப்பெட்டிப் பிரிக்' என்பது அவற்றுக்கு வாய்த்த பட்டப்பெயர். 1820இல் வெள்ளோட்டம் கண்ட 'பீகிள்' அவற்றுள் ஒன்று. 1825இல் அதற்கு மூன்றாம் மரம் நட்டார்கள். ஆகவே 1831இல் டார்வின் ஏறியது பிரிக்கில் அன்று, 'பார்க்' வகைக் கலத்தில்.

இவையெல்லாம் கப்பற்காரன் கவலை, இலக்கியத்துக்கு என்ன என்பீர்களோ? ஹார்வர்டு மாணவர் ரிச்சர்ட் ஹென்றி டானா 1834இல் பாஸ்டனிலிருந்து சாதாரண மாலுமியாகப் புறப்பட்டது 'பில்கிரிம்' என்னும் பிரிக்கில். கலிபோர்னியாக் கரையில் மாட்டுத்தோல் சுமந்து, 1836இல் ஊர் திரும்பியது 'அலெர்ட்' என்னும் பெரிய மும்மரக் கலத்தில். 1840இல் வந்த அவர் நூலின் உயிர் இந்த இடமாற்றத்தில் இருக்கிறது. சிறிய கலம், சில ஆட்கள், ஒளிய இடமில்லாத தளம், அதில் தோழர்கள் கண்முன் இறங்கும் கேப்டனின் கசையடி. இரண்டையும் 'கப்பல்' என்றே எழுதினால் டானா எதிலிருந்து எதற்குத் தப்பினார் என்பது வாசகனுக்கு எப்படித் தெரியும்? கான்ராடின் ஃபிரேயா கதையிலும் நாயகனின் காதலையும் அவன் பிரிக்கையும் பிரிக்க இயலாது (சிலேடை நாம் கருதியதன்று). அந்தக் கலத்தை இழந்தபின் அவன் நடைப்பிணம்.

அயற்சொல் வேண்டாம் என்னும் அன்பரோடு நமக்கு வழக்கில்லை. 'இருமரச் சதுரப்பாய்க் கலம்' என்று எழுதட்டும். அல்லது இதனினும் நல்லதொன்றைப் படைக்கட்டும். நாம் எதிர்ப்பது, தெரியாமையை எளிமை என்று விற்பதைத்தான்.

சோழர் கடற்படை பற்றி மேடைதோறும் முழங்கும் நமக்கு இன்னொன்றும் நினைவிருக்கலாம். 1930இல் வல்வெட்டித்துறையில் கட்டிய 'அன்னபூரணி அம்மாள்' என்னும் இருமரக் கலம், வேப்பமர உடலோடு அட்லாண்டிக்கைக் கடந்து 1938இல் அமெரிக்காவின் குளோஸ்டர் துறையை அடைந்தது. அதில் சென்ற வல்வைத் தமிழ் மாலுமிகள் நடுக்கடலில் புயல் மூண்டபோது, 'அந்தக் கயிற்றை இழு, இந்தப் பாயை இறக்கு' என்று பொதுப்படக் கூவியிருக்க மாட்டார்கள். ஒவ்வொரு கயிற்றுக்கும் அவர்கள் வாயில் ஒரு பெயர் இருந்திருக்கும். மொழிபெயர்ப்பாளர் அந்தக் கரைக்குப் போய்க் கேட்டாரா என்பதே நம் கேள்வி.