பட்டாசுத் தொழிலாளிக்கு முதலாளி யார்?

விருதுநகர் மாவட்டத்தில் ஆனைக்குட்டம் என்று ஓர் ஊர். அர்ச்சுனா நதியில் அணை கட்டி நீர் தேக்கியிருக்கிறார்கள். ஆனாலும் இந்த வட்டாரத்தில் மானாவாரி நிலமே அதிகம். மழையை மட்டும் நம்பிக் குடும்பம் நடத்த முடியுமா? அதனால் சுற்றுப்புற கிராமங்களில் ஆணும் பெண்ணும் பட்டாசு ஆலைகளுக்கு வேலைக்குப் போகிறார்கள்.

மருந்து கலப்பது, குழாயில் அடைப்பது, திரி வைப்பது எல்லாம் கை வேலை. கொஞ்சம் உராய்ந்தாலும் உயிருக்கு ஆபத்து.

வெடித்துவிட்டால் குடும்பத்துக்குப் பதில் சொல்ல வேண்டியவர் யார்? "முதலாளிதான்" என்று யாரும் சொல்லிவிடுவார்கள். ஆனால் முதலாளி யார் என்பதே பல இடங்களில் பெரிய தகராறு!

உள்குத்தகை

பட்டாசு தயாரிக்க லைசென்ஸ் வேண்டும். அது ஒருவர் பெயரில் இருக்கும். ஆலையை நடத்துகிறவர் வேறொருவராக இருப்பார். ஆலையின் அறைகளைப் பலருக்கு உள்குத்தகைக்கு விடுவதும் உண்டு. இது சட்டவிரோதம்.

2021 பிப்ரவரி 12-ந் தேதி சாத்தூர் அருகே அச்சங்குளத்தில் ஒரு பட்டாசு ஆலை வெடித்தது. 20-க்கு மேற்பட்டோர் மாண்டார்கள். அந்த ஆலை பலருக்கு உள்குத்தகைக்கு விடப்பட்டிருந்தது பிறகு வெளிவந்தது. தேசிய பசுமை தீர்ப்பாயம் தானாகவே வழக்கை எடுத்து விசாரித்தது. இறந்தவர்களின் குடும்பங்களுக்குத் தலா 20 லட்சம் ரூபாய் கொடுக்க உத்தரவிட்டது.

காண்டிராக்டர் மூலம் ஆள் வைத்தாலும் ஆலை முதலாளி பொறுப்பிலிருந்து தப்ப முடியாது என்பது சட்டம். அவர் முதலில் நஷ்டஈடு கொடுக்க வேண்டும். பிறகு காண்டிராக்டரிடம் வசூலித்துக்கொள்ளலாம். ஆனால் இறந்தவர் அந்த ஆலையில்தான் வேலை செய்தார் என்பதைக் காட்ட வேண்டுமே! பதிவேட்டில் பெயர் இல்லை, கூலிச் சீட்டு இல்லை என்றால் குடும்பத்தார் சாட்சிகளைத் தேடி அலைய நேரிடுகிறது.

எவ்வளவு கிடைக்கும்?

10 பேர் அல்லது அதற்கு மேல் வேலை செய்யும் ஆலை ஈ.எஸ்.ஐ. திட்டத்தில் சேர வேண்டும். மாதம் 21 ஆயிரம் ரூபாய் வரை சம்பளம் வாங்குவோர் இதில் வருவார்கள். தொழிலாளியின் பங்கு 100 ரூபாய்க்கு 75 காசு. முதலாளியின் பங்கு 3 ரூபாய் 25 காசு. வேலையில் விபத்து நேர்ந்து தொழிலாளி இறந்தால், கூலியில் 90 சதவீதம் என்ற கணக்கில் மனைவி மக்களுக்கு மாதாமாதம் பணம் வரும். சிவகாசியில் ஈ.எஸ்.ஐ. ஆஸ்பத்திரி இருக்கிறது.

ஈ.எஸ்.ஐ.யில் வராதவர்களுக்கு முதலாளியே நஷ்டஈடு தர வேண்டும். மாதக் கூலியில் பாதியை, வயதுக்கு ஏற்ற ஓர் எண்ணால் பெருக்க வேண்டும். மாதம் 12 ஆயிரம் ரூபாய் கூலி வாங்கிய 40 வயதுத் தொழிலாளி இறந்தால், 6 ஆயிரத்தை 184.17 ஆல் பெருக்கினால் 11 லட்சத்து 5 ஆயிரத்து 20 ரூபாய் வருகிறது. இதைக் கேட்க 2 ஆண்டு கெடு உண்டு.

"அவன் கவனக் குறைவால்தான் வெடித்தது" என்று சிலர் சொல்வார்கள். தொழிலாளி இறந்துவிட்டால் இந்த வாதம் நஷ்டஈட்டைத் தடுக்காது.

இன்னொரு விஷயம். சர்க்கார் அறிவிக்கும் நிவாரண நிதி வேறு, நஷ்டஈடு வேறு. ஒன்றை வாங்கியதால் மற்றது போய்விடாது. துக்க வீட்டில் ஒரு தொகையைக் கொடுத்து, "இனி கேட்கமாட்டோம்" என்று கையெழுத்து வாங்கினாலும் கணக்குத் தீராது. சாவுக்கான நஷ்டஈட்டை முதலாளி அதிகாரியிடம்தான் கட்ட வேண்டும்.

கூலித் தகராறு

விபத்து இல்லாத நாளிலும் வழக்குகள் உண்டு. "பீஸ் ரேட்டுக்கு வேலை செய்கிறவருக்கு உரிமை எது?" என்பார்கள். தவறு! பீஸ் ரேட்டானாலும் குறைந்தபட்சக் கூலி உரிமை பொருந்தும். மாதக் கூலியை அடுத்த மாதம் 7-ந் தேதிக்குள் கொடுக்க வேண்டும். கூடுதல் நேர வேலைக்கு இரட்டைக் கூலி. 20 பேர் அல்லது அதற்கு மேல் உள்ள ஆலையில், வருடத்தில் 30 நாள் வேலை செய்தவருக்கும் போனஸ் உண்டு. குறைந்தது 8.33 சதவீதம்.

2025 நவம்பர் 21 முதல் புதிய தொழிலாளர் சட்டத் தொகுப்புகள் அமலுக்கு வந்துள்ளன. அவற்றின்படி தொழிலாளிக்கு நியமனக் கடிதம் கொடுப்பது கட்டாயம்.

என்ன செய்யலாம்?

வேலைக்குச் சேரும்போதே நியமனக் கடிதத்தையும் ஈ.எஸ்.ஐ. எண்ணையும் கேட்டு வாங்க வேண்டும். கூலிச் சீட்டைக் கிழித்து எறியக் கூடாது. லைசென்ஸ் யார் பெயரில் இருக்கிறது என்று வீட்டில் உள்ளவர்களுக்கும் தெரிந்திருக்க வேண்டும். எழுதப் படிக்கத் தெரிந்த பிள்ளைகள் இவற்றை ஒரு நோட்டில் குறித்து வைக்கலாம்.

தகராறு வந்தால் தொழிலாளர் துறை அலுவலகத்தில் மனுக் கொடுக்கலாம். ஸ்ரீவில்லிபுத்தூரில் மாவட்ட சட்டப்பணிகள் ஆணைக்குழு இருக்கிறது. பெண்களுக்கும் ஆலைத் தொழிலாளர்களுக்கும் அங்கே இலவச சட்ட உதவி உண்டு.

கேட்டால் வேலை போய்விடுமோ என்ற பயம் நியாயமானதுதான். ஒருவர் தனியாகக் கேட்டால் அந்தப் பயம் இருக்கும். ஓர் அறையில் வேலை செய்கிற எல்லோரும் சேர்ந்து கேட்டால், பதிவேட்டில் பெயர் எழுத எத்தனை நேரம் ஆகும்?